ஆலன் டூரிங் சரிதமும் யந்திர ஞாபகத்தின் பிழைகளும்

கோயம்புத்தூரை அடுத்துள்ள போத்தனூர் பழைமையான புகைவண்டிச் சந்திப்பு என்பதை யாவரும் அறிவர். அவ்வூரில் 1881-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ஆம் நாள் எதேல் சாரா ஸ்டோனி என்னும் பெண்மகவு பிறந்தது என்பதை அறிவார் சிலரே. அம்மகவின் தந்தையார் எட்வர்ட் வாலர் ஸ்டோனி என்பவர். இவர் சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளராய் உயர்ந்தவர். துங்கபத்திரை ஆற்றின்மீது பாலம் சமைத்தவர். ஓசையின்றி இயங்கும் பங்காச் சக்கரம் ஒன்றைப் புதிதாய் அமைத்து அதற்கு உரிமைப் பட்டயமும் பெற்றவர். மின்னணுவுக்கு எலக்ட்ரான் என்று 1891-இல் பெயரிட்ட ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனியும் இக்குடும்பத்தாருக்குத் தூரத்து உறவினரே. போத்தனூரில் பிறந்த அப்பெண்மணியின் இளைய மகனே, இந்நாளில் உலகமெங்கும் பரவியுள்ள கணிப்பொறிக்கு மூலக்கருத்தை வகுத்தளித்த ஆலன் மாத்திசன் டூரிங். அப்பெருமகனாரின் வாழ்க்கையை, அவர் தம் வாழ்நாள் முழுதும் பிழைகளோடு நடத்திய போராட்டத்தை முதன்மையாகக் கொண்டு, ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

தந்தையார் ஜூலியஸ் மாத்திசன் டூரிங் இந்திய சிவில் சர்வீசைச் சார்ந்தவர். அவ்வுத்தியோகத்திற்கென இந்தியச் சட்டத்தையும் தமிழ்மொழியையும் பயின்று தேர்வில் வெற்றி பெற்று, 1896-ஆம் ஆண்டிறுதியில் சென்னை மாகாணம் வந்து சேர்ந்தார். தமிழ் பயின்ற அவருக்கு வாய்த்தவையோ பெரும்பாலும் பல்லாரி, கர்நூல், விசாகப்பட்டினம் முதலிய வடபகுதி ஜில்லாக்களே. 1907-இல் விடுமுறையில் தாய்நாடு செல்லும்போது கப்பலில் ஸ்டோனி குடும்பத்தாரோடு பழக்கம் உண்டாயிற்று. அவ்வாண்டே டப்ளின் நகரில் திருமணமும் நிகழ்ந்தது. மூத்த மகன் ஜான் 1908-இல் குன்னூரிலுள்ள பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். இளையவர் கருவுற்றிருந்த காலத்தில் பெற்றோர் கஞ்சம் ஜில்லாவிலுள்ள சத்திரபுரத்தில் இருந்தனர். அது அந்நாளில் சென்னை மாகாணத்தின் வடகோடி. இந்நாளில் ஒடிசா மாநிலத்தைச் சார்ந்தது. ஆயினும் பிள்ளை பிறந்தது இலண்டன் மாநகரில், 1912-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23-ஆம் நாள். இத்தேசத்து வெயிலும் நோயும் குழந்தைக்கு ஆகா என்றஞ்சிய பெற்றோர், இரு புதல்வரையும் ஆங்கில நாட்டுக் கடற்கரையூர் ஒன்றில் வார்டு என்னும் படைத்தலைவர் குடும்பத்தாரிடம் ஒப்புவித்துவிட்டுத் தாம் சென்னைக்கு மீண்டனர். அக்காலத்து ஆங்கில உத்தியோகஸ்தர் பலரும் இவ்வாறே செய்தனர். எனினும் தாய்தந்தையர் மடியறியாது வளர்ந்த அப்பிள்ளையின் தனிமைக்கு நம் மாகாணமும் ஒருவகையில் காரணமாயிற்று என்பதை எண்ணுங்கால் எமக்கு மனம் நோகின்றது.

ஆலன் ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கும் பிள்ளை அல்லர். கையெழுத்து அலங்கோலம், ஆடையில் மைக்கறை, கேள்விகளுக்கோ அளவில்லை. 1926-ஆம் ஆண்டு மே மாதம் ஷெர்பர்ன் பள்ளியில் சேரும்பொருட்டுப் பிரான்சிலிருந்து சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, நாடெங்கும் பொதுவேலை நிறுத்தம், வண்டிகள் ஓடவில்லை. பதினான்கு வயது நிரம்பாத அச்சிறுவர் தம் சைக்கிளில் ஏறி, இடையில் ஓரிரவு விடுதியில் தங்கி, ஏறத்தாழ 60 மைல் கடந்து பள்ளியை அடைந்தார். அப்பள்ளியில் கிரேக்கமும் இலத்தீனுமே கல்வி எனக் கருதப்பட்டன. கணிதத்திற்கு மதிப்புக் குறைவு. அவருக்கு உற்ற தோழராய் வாய்த்தவர் கிறிஸ்டபர் மார்காம் என்னும் மாணவர். விண்மீன்களையும் வேதியியலையும் பற்றி இருவரும் உரையாடிய காலம் நீடிக்கவில்லை. 1930 பிப்ரவரி 13-ஆம் நாள், பசுவின் பாலால் பற்றிய காசநோய் மார்காமைக் கொண்டுபோயிற்று. இறந்தோரின் ஆவி எங்குச் செல்கின்றது, உடலாகிய யந்திரத்தோடு அஃது எவ்வாறு பிணைந்திருந்தது என்னும் வினா, அன்றுதொட்டு ஆலனின் உள்ளத்தை விடவேயில்லை. முதலில் ஆவியின் நிலைபேற்றை நம்பி மார்காமின் அன்னையாருக்கு ஆறுதல் எழுதிய அவர், பிற்காலத்தில் அந்நம்பிக்கையை இழந்தார். கிறிஸ்தவராகிய எமக்கு இது வருத்தந்தருவதே. எனினும் அவ்வினாவின் நேர்மையை யாம் மதிக்கின்றோம்.

1931-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி புகுந்து, 1935-இல் தம் 22-ஆம் வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையே அவர் புகழுக்கு அடித்தளம். அதில் அவர் கற்பித்த யந்திரம் மிக எளியது. முடிவில்லாத நீண்ட நாடா, அதில் கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எழுத்து, அதனைப் படித்தும் அழித்தும் எழுதியும் ஒருபுறமாகவோ மறுபுறமாகவோ நகரும் ஒரு தலை. இவ்வளவே. கணக்கனொருவன் தாளில் செய்யத்தக்க எதனையும் இது செய்யும் எனவும், பிற யந்திரங்களின் விதிகளை நாடாவில் எழுதிக் கொடுத்தால் ஒரே யந்திரம் அவையனைத்தின் வேலையையும் செய்யும் எனவும் காட்டினார். இன்று நாம் ஞாபகம் அல்லது நினைவகம் என வழங்குவது அந்த நாடாவே. எந்தப் பொதுவிதியாலும் விடைகாண இயலாத வினாக்கள் உள என்பதையும் அக்கட்டுரையிலேயே நாட்டினார். யந்திரமொன்றின் விதிகளைப் பார்த்த அளவில், அது செவ்வனே ஓடிக்கொண்டிருக்குமா, சுழலில் அகப்பட்டு நிற்குமா என்று எல்லா யந்திரங்களுக்கும் பொருந்துமாறு முன்கூட்டிச் சொல்லும் வழி இல்லை என்பது அதன் சாரம். யந்திரம் பிறக்குமுன்னரே, அதன் கோளாறுகளை முழுதும் முன்னறிதல் ஆகாது என்பது தெளிவாயிற்று.

இங்கே ஒரு வேடிக்கை. அக்கட்டுரையிலேயே பிழைகள் இருந்தன. 1937-இல் அவரே ஒரு திருத்தம் வெளியிட்டார். எஞ்சிய பிழைகளை 1947-இல் எமில் போஸ்ட் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் எடுத்துக்காட்டினார். அக்காலத்தில் அவரோடு பணியாற்ற வந்த டொனால்ட் டேவிஸ் என்னும் இளைஞரும், அந்த யந்திர விதிகளை வரிவரியாகச் சோதித்துப் பிழை கண்டு தெரிவித்தாராம். டூரிங் அதனைப் பொறுமையோடு கேட்கவில்லை என்பர். கருத்து பிழையற்றது, அதனை விதிகளாய் எழுதுங்கால் கை தவறியது. கணிப்பொறி விதிகளை எழுதுவோர் இன்றளவும் படும்பாடும் இதுவே.

1938-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். அடுத்த ஆண்டு போர் மூண்டது. பிளெட்ச்லி பார்க் என்னும் மாளிகையில் ஜெர்மானியரின் எனிக்மா மறைமொழியை உடைக்கும் பணியில் அமர்ந்தார். போலந்து நாட்டுக் கணித அறிஞர் மூவர், ரெயெவ்ஸ்கி, ரூஜித்ஸ்கி, ஜிகால்ஸ்கி என்பார், இத்துறையில் முன்னரே வெற்றி கண்டு, தம் முறையை 1939 ஜூலையில் ஆங்கிலேயருக்கு அளித்திருந்தனர். அவர்களை மறந்து டூரிங்கை மட்டும் போற்றுவது முறையன்று. டூரிங் வகுத்த பாம்ப் என்னும் பெரும்பொறி 1940 மார்ச்சில் வந்து சேர்ந்தது. இரண்டாம் பொறி, கார்டன் வெல்ச்மன் என்பவர் கண்ட சீர்திருத்தத்தோடு அவ்வாண்டு ஆகஸ்டில் வந்தது. அதற்கு ஆக்னஸ் தேயி, அதாவது தேவ ஆட்டுக்குட்டி, என்று யாரோ பெயரிட்டிருந்தனர். போர்ப்பொறிக்கு இப்பெயர் பொருந்துமோ என்பதை வாசகரே முடிவு செய்க. இப்பொறி சரியான விடையை நேரே தேடுவதன்று. ஒரு கொள்கையை மெய்யென வைத்துக்கொண்டு பார்க்கும். அது முரண்பாட்டில் முடிந்தால் தள்ளிவிடும். தள்ளமுடியாதது எஞ்சினால் நின்றுவிடும். அவ்வாறு நின்ற இடங்களிலும் பொய்யானவை உண்டு. அவற்றை மாந்தர் கையால் சோதித்துக் களைந்தனர்.

இதே முறையை அவர் தம் சைக்கிளிலும் கையாண்டார் என உடன் பணியாற்றியோர் கூறுவர். அவ்வண்டியின் சங்கிலி அவ்வப்போது கழன்றுவிடும். மற்றொருவராயின் பழுதுபார்ப்பவனிடம் கொண்டுபோயிருப்பார். அவரோ மிதியின் சுற்றுக்களை எண்ணத் தொடங்கினார். குறித்த எண்ணிக்கை தவறாமல் அது கழல்வதைக் கண்டு, அவ்வெண் நெருங்கும்போது இறங்கியோ தந்திரமாய் மிதித்தோ தடுத்துக்கொண்டார். பின்னர் அவ்வெண்ணைக் கொண்டு ஆராய்ந்தபோது காரணம் வெளிப்பட்டது. சக்கரத்தில் வளைந்த கம்பி ஒன்று. சங்கிலியில் கெட்ட கண்ணி ஒன்று. தனித்தனியே இரண்டும் தீங்கற்றவை. அவ்விரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும் சுற்றில் மட்டுமே சங்கிலி விழுந்தது. கம்பியை நிமிர்த்தினார், பிணி தீர்ந்தது. எப்போதோ ஒருகால் தோன்றி மறையும் கோளாறே கோளாறுகளுள் கொடியது என்பதைக் கணிப்பொறி பழுதுபார்ப்போர் நன்கறிவர். அதனைத் தற்செயல் என்று விட்டுவிடாமல், எத்தனைக்கு ஒருகால் வருகின்றது, எவ்விரண்டு நிகழ்ச்சிகள் கூடும்போது வருகின்றது என்று கணக்கெடுப்பதே அதற்கு மருந்து.

போர் முடிந்த 1945-இல் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, ஏஸ் என்னும் கணிப்பொறிக்கு முழுத் திட்டம் வரைந்தார். அதில் பெருந்தொல்லை ஞாபகமே. எண்களை எங்கே வைத்திருப்பது? அக்காலத்து உபாயம் பாதரசக் குழாய். சுமார் ஐந்தடி நீளமுள்ள குழாயில் பாதரசம் நிரப்பி, ஒருமுனையில் மின்துடிப்பை ஒலித்துடிப்பாக்கி அனுப்புவர். அது ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒருபங்கு நேரத்தில் மறுமுனையை அடையும். அங்கே அதனைப் பிடித்துத் தூய்மைசெய்து மீண்டும் முதன்முனையிலேயே செலுத்துவர். நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லும் முறை இதற்கு நல்லதோர் ஒப்புமை. சொல்லிக்கொண்டேயிருக்கும் வரை பாடம் நிற்கும். வாய் மூடினால் மறந்துபோம். ஒரு குழாயில் 1,024 துடிப்புகள் வரிசையாய் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று தவறினாலும் எண் கெடும். வெப்பநிலை மாறினால் பாதரசத்தில் ஒலியின் வேகமும் மாறும். துடிப்பு நேரந்தவறி வந்து சேரும். தண்ணீரும் சாராயமும் தக்க அளவில் கலந்தால் அவ்வேகம் வெப்பத்தால் மாறாதாம். ஆகவே ஜின் என்னும் மதுவையே குழாயில் நிரப்பலாம் என்று டூரிங் சொல்லிவந்தார். மதுவிலக்குச் சங்கத்தார் இதனைப் படியாதிருப்பாராக. ஆய்வுக்கூடத்தில் வேலை மெத்தனமாய் நடந்ததால் மனம்வெறுத்த அவர், 1948-இல் அதனை விட்டு நீங்கினார். அவர் திட்டத்தின் சிறுவடிவம் 1950 மே மாதத்தில்தான் பிறர் கையால் இயங்கத் தொடங்கியது. அந்நாட்களில் நெடுந்தூர ஓட்டத்திலும் அவர் வல்லவர்; 1947-இல் மாரத்தான் தூரத்தை 2 மணி 46 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே வில்லியம்ஸ், கில்பர்ன் என்னும் பொறியாளர் இருவர் வேறொரு வகை ஞாபகத்தைக் கண்டுபிடித்திருந்தனர். தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்தது போன்ற கண்ணாடிக் குழாயின் திரையில் மின்னேற்றப் புள்ளிகளாய் எண்களை எழுதுவர். ஒரு நொடியினும் குறைந்த நேரத்தில் புள்ளி கசிந்து மறைந்துவிடும். ஆதலால் இடையறாது படித்துப் படித்து மீண்டும் எழுதவேண்டும். 1948 ஜூன் 21-ஆம் நாள், தன் ஞாபகத்தில் வைத்த விதிகளைத் தானே படித்து நடக்கும் யந்திரம் அங்கே முதன்முதல் ஓடியது. மறு ஆண்டு ஜூனில் ஓரிரவு ஒன்பது மணிநேரம் பிழையின்றி ஓடியது பெருஞ்சாதனையாய்க் கருதப்பட்டது என்றால், அக்காலத்து நிலையை ஊகித்துக்கொள்ளலாம். அவ்யந்திரத்தோடு பேச டூரிங் வகுத்த மொழியோ மிகக் கடினம். எண்களை 32-ஐ அடியாகக் கொண்ட முறையில் தந்தி எழுத்துக்களில், அதுவும் வலமிடமாகத் திருப்பி எழுதவேண்டும். சுழியத்திற்குச் சாய்கோடு குறி. ஆகவே எழுதிய தாள்களெல்லாம் சாய்கோடுகளாய் நிறைந்திருக்கும். மான்செஸ்டர் நகரத்து மழை சன்னலில் அடித்தாற்போல் இருக்கின்றது என்று அங்குள்ளோர் நகைப்பராம். தமக்கு எளிதானது பிறர்க்கும் எளிதெனக் கருதியது அவருடைய குறை என்றே சொல்வோம்.

அவ்யந்திரத்தைக் கொண்டு 1950 ஜூனில் அவர் செய்த ஒரு கணக்கை விரித்துரைப்பது தகும். ரீமன் என்னும் அறிஞர் 1859-இல் விட்டுச்சென்ற புதிர் ஒன்றுண்டு, பகா எண்களின் பரவலோடு தொடர்புடையது, இன்றும் அவிழாதது. ஒரு சார்பின் சுழியிடங்கள் யாவும் ஒரே நேர்கோட்டில் அமைகின்றனவா என்பது வினா. கோட்டுக்குப் புறம்பே ஒரு சுழி அகப்பட்டால் ரீமனின் கருத்தே பொய்யாகும். அதனைப் பிடித்துவிடலாம் என்னும் ஆசையோடு, பிற்பகல் 3 மணி முதல் மறுநாட் காலை 8 மணி வரை யந்திரத்தை ஓட்டினார். அவ்வளவு நேரம் அது பழுதின்றி இருந்ததே அரிது. ஏறத்தாழ 24,938-க்கும் 25,736-க்கும் இடையே சுமார் 1,070 சுழிகள் அகப்பட்டன; யாவும் கோட்டின்மீதே. அடுத்து 1,414-க்கும் 1,608-க்கும் இடைப்பட்ட பகுதியை ஆராய்ந்து முடித்த அளவில் யந்திரம் பழுதுபட்டு நின்றது, வேலையும் நின்றது. அதனோடு போகவில்லை. அந்தப் பகுதியைப் பிழையெல்லைக்கான எண்ணைத் தவறாய்க் கொடுத்து ஓட்டிவிட்டமை பின்னர்த் தெரிந்தது. ஆகவே 1,540 வரையில்தான் உறுதி கூறலாம் என்று 1953-இல் வெளிவந்த கட்டுரையில் அவரே எழுதினார். அவருக்குமுன் டிட்ச்மார்ஷ் என்பவர் 1,468 வரை வந்திருந்தார். ஓர் இரவெல்லாம் விழித்துப் பெற்ற ஆதாயம் இவ்வளவுதானா எனச் சிலர் எண்ணலாம். 1,608 என்று எழுதியிருந்தாலும் அக்காலத்தில் எவரும் கண்டுபிடித்திரார். அவர் எழுதவில்லை. இவ்விடமே அச்சரிதத்தில் எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது.

விடை தவறினால் குற்றம் யந்திரத்தினதா, விதிகளை எழுதியவனதா? இதனைப் பிரித்தறிய அக்காலத்தார் கையாண்ட வழி எளியது. அதே கணக்கை இருமுறை ஓட்டுக. விடைகள் வேறுபடின் யந்திரத்தில் கோளாறு. இருமுறையும் ஒரே தவறு வரின் எழுதியவனிடம் கோளாறு. டூரிங் இதற்கப்பாலும் சென்றார். 1949 ஜூன் 24-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் மாநாட்டில், நீண்ட விதித்தொடர் ஒன்றைச் சோதிக்கும் முறையைப் பற்றி உரை நிகழ்த்தினார். பெரிய கூட்டல் கணக்கொன்றைச் சரிபார்ப்பவன் இறுதி விடையை மட்டும் கண்டு ஒப்புக்கொள்ளான். ஒவ்வொரு பத்தியிலும் மீந்து ஏறிய இலக்கம் எழுதியிருந்தால் பத்தி பத்தியாய்ச் சோதிப்பான். அதுபோல் விதித்தொடரின் ஒவ்வோரிடத்திலும் ஞாபகத்தின் நிலை எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதை எழுதிவைத்தால், சோதிப்பவன் சிறு சிறு கூறுகளாய் மெய்ப்பித்துக்கொள்ளலாம். பின்னோர் இத்துறையில் கட்டிய பெருமாளிகைக்கு இவ்வுரை முதற்கல். பிழை நீக்கத்தைப் பற்றிய இவ்வுரையே அச்சேறும்போது பிழைகள் மலிந்து, 1984-இல் இருவர் அதனைத் திருத்திப் பதிப்பிக்கும் வரையில் படிப்போரைத் திகைக்கவைத்தது. ஏட்டுச் சுவடிகளில் பாடபேதங்களோடு மல்லாடும் தமிழ் மாணவராகிய எமக்கு இதில் வியப்பில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஹாமிங் என்பவர், வார விடுமுறையில் தாம் ஓட்டிய கணக்குகளை யந்திரம் பிழைகண்டு நடுவே கைவிட்டுவிடுவதைச் சகியாது, பிழையைக் காண்பதோடு திருத்தவும் வல்ல எண்முறையை 1950-இல் வெளியிட்டார். இன்று வங்கிகளும் மருத்துவமனைகளும் வைத்திருக்கும் பெருங்கணிப்பொறிகளின் ஞாபகம் அவ்வழியினதே. நம் வீட்டுக் கணிப்பொறியில் பெரும்பாலும் அது முழுமையாய் இல்லை. மற்றபடி, கசிந்து மறையும் மின்னேற்றத்தை மீண்டும் மீண்டும் எழுதும் மான்செஸ்டர் வழக்கம் இன்றும் மாறவில்லை. நொடியின் ஆயிரத்தில் 64 பங்கு கழிவதற்குள் ஒவ்வொரு வரிசையும் புதுப்பிக்கப்படுகின்றது.

டூரிங் எழுதி 1951-இல் வெளிவந்த கைந்நூலில், யந்திரம் ஊதல் ஒலித்து மனிதனை அழைக்கும் விதியொன்று காணப்படும். புறத்திலுள்ள ஒன்று யந்திரத்தை அழைத்து, நடக்கும் வேலையை இடைநிறுத்தும் முறையோ, அவர் மறைந்த 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இயங்கிய டைசியாக் என்னும் பொறி முதலியவற்றில் தலைகாட்டியது. இதனை இடைமறிப்பு எனலாம்; கடைத்தெருவில் இண்டரப்ட் என்றே வழங்குவர். இதனை விளக்க எம் ஊராகிய தேன்கனிக்கோட்டையின் கேழ்வரகுக் கொல்லையினும் ஏற்ற இடம் எமக்குத் தோன்றவில்லை. ஆண்டுதோறும் அறுவடையை ஒட்டி, கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து சவளகிரி வழியாக யானைக்கூட்டங்கள் எம் பக்கத்துக் காடுகளுக்கு வரும். கொல்லையில் கதிர் அறுப்பவன் ஒரு நொடிக்கொருமுறை தலைநிமிர்ந்து காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அறுப்பு நடவாது. ஆகவே பரண்மேல் ஒருவன் இருப்பான். தப்பட்டை ஒலித்தால் அறுப்பவன் கைவேலையை நிறுத்துவான். எந்தச் சாலில் நின்றான் என்பதற்கு அடையாளமாய் அரிவாளை அங்கேயே நட்டுச்செல்வான். யானையை விரட்டி மீண்டு, அரிவாள் நின்ற இடத்திலிருந்தே தொடர்வான். கணிப்பொறியில் தட்டெழுத்துப் பலகை, வட்டு, வலையிணைப்பு யாவும் பரண்காரர்களே. இரு பரணில் ஒருங்கே ஒலி எழுந்தால் எதனை முதலிற் கவனிப்பது என்பதற்குப் படிநிலைகள் உண்டு. யானையை விரட்டும் அவசரத்தில் இருப்பவன், ஊர்க்களஞ்சியத்தில் எங்கோ பூட்டிக் கிடக்கும் மூட்டையை எடுத்துவரப் போதல் ஆகாது. கைக்கெட்டியதை மட்டுமே தொடலாம்.

விண்டோஸ் கணிப்பொறி திடீரென நீலத்திரை காட்டி நின்று, ஐ.ஆர்.கியூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்குவல் என்று எழுதுமாயின் அதன் பொருள் ஏறத்தாழ இதுவே. உயர்ந்த இடைமறிப்பு நிலையில் இருந்த ஏதோ ஒரு விதித்தொகுதி, அந்நிலையில் தொடலாகாத ஞாபக இடத்தைத் தொட்டுவிட்டது. இதனைக் கண்டவுடன் ஞாபகப் பலகையே கெட்டதெனப் புதியது வாங்குவோர் பலர். எம் பகுதியில் மின்னுறுப்பு ஆலைகள் பெருகியபின், ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் பழுதுபார்க்கும் இளைஞர் இவ்விஷயத்தில் தேர்ந்தவராயினர். அவர்கள் முதலில் கேட்பது, அண்மையில் எப்புதுக் கருவியைப் பொருத்தினீர், எந்த டிரைவரை மாற்றினீர் என்பதே. அது வழக்கமான காரணம். அங்கே பழுதில்லையெனில், ராம் பலகைகளைக் கழற்றி, பொன்முலாம் பூசிய முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஒன்றை மட்டும் பொருத்தி ஓட்டிப் பார்ப்பர், பின் மற்றொன்றை, பின் அதே பலகையை வேறு துளையில். பிழை பலகையோடு செல்கின்றதா, துளையோடு நிற்கின்றதா என்பது இதனால் விளங்கும். இரவு முழுதும் மெம்டெஸ்ட் என்னும் சோதனையை ஓடவிடுதலும் உண்டு. அது ஒவ்வோரிடத்திலும் எழுதிப் படித்து ஒப்புநோக்கும். ஒருமுறை ஓடிப் பிழை காட்டாமையால் மட்டும் பலகை நல்லதென்று கொள்ளார். வளைந்த கம்பியும் கெட்ட கண்ணியும் சந்திக்கும் சுற்று வரும்வரை காத்திருத்தல் வேண்டுமன்றோ?

1950-இல் டூரிங் எழுதிய மற்றொரு கட்டுரை, யந்திரம் சிந்திக்குமா என்னும் வினாவை எழுப்பி உலகைக் கலக்கியது. அதில் சமயவாதிகளின் மறுப்பையும் எடுத்துக்கொண்டு, ஆன்மாவை மனிதனுக்கு மட்டுமே அருள முடியும் என்பது எல்லாம் வல்ல கடவுளின் வல்லமைக்கு நாமே எல்லை கட்டுவதாகும் என்று விடையிறுத்தார். இவ்விடை வாதத்திறம் வாய்ந்தது. ஆனால் கடவுள் செய்ய வல்லவர் என்பதனால் செய்தார் என்பது பெறப்படாது என யாம் கருதுகின்றோம். யந்திரங்கள் தாமே கட்டுரை எழுதும் இந்நாளில் நம் வேதபாட வகுப்புகளில் இது விவாதிக்கத்தக்கது.

1951-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். மறு ஆண்டில், உயிரினங்களின் மேனியில் புள்ளியும் வரியும் தோன்றும் முறையைக் கணிதத்தால் விளக்கினார். அவ்வாண்டிலேயே துயரமும் வந்தது. தம் வீட்டில் நிகழ்ந்த களவைப் பற்றிக் காவலரிடம் முறையிடச் சென்றவர், மற்றோர் ஆடவனோடு தமக்கிருந்த உறவை மறையாது கூறிவிட்டார். 1885-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது அந்நாட்டில் குற்றம். 1952 மார்ச் 31-ஆம் நாள் தண்டனை விதிக்கப்பெற்றுச் சிறைக்கு மாற்றாக ஓராண்டு ஹார்மோன் மருந்து ஏற்க இசைந்தார். அரசாங்க மறைமொழிப் பணியும் பறிபோயிற்று. போரில் அவர் செய்த உதவியை நீதிமன்றத்தில் விளக்கிச் சொல்லவும் வழியில்லை; அது பரம இரகசியம். 1954 ஜூன் 7-ஆம் நாள் சயனைடு நஞ்சினால் உயிர் நீத்தார். வயது 41. தற்கொலை என்று விசாரணையில் முடிவாயிற்று. அன்னையாரோ, மகன் வீட்டிலேயே மின்முலாம் பூசும் சோதனைகள் செய்துவந்தவனாதலின் கைதவறி நேர்ந்த விபத்தே எனக் கடைசிவரை நம்பினார்.

இப்பகுதியை விட்டுவிட்டு எழுதலாம் என எம் நண்பர் சிலர் அறிவுரை கூறினர். இவ்விஷயத்தில் திருச்சபைகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை என்பதை அறிவோம். அவ்வழக்கைத் தீர்க்க யாம் வல்லோம் அல்லோம். ஆனால் ஒரு நாட்டைக் காத்தவனை அந்நாடே மருந்தால் வதைத்தது என்பது கருத்தன்று, நிகழ்ச்சி. 1,608 என்று எழுதாமல் 1,540 என்று எழுதியவரின் சரிதத்தை அரைகுறையாய் எழுத எமக்கு மனம் ஒப்பவில்லை. அதே ஆங்கில ஆட்சியார் 1860-இல் இந்தியாவிற்கு இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவும் இத்தகையதாகவே இருந்தது. அதனை ஒத்த மனமுடைய பெரியோர்மீது செலுத்தலாகாது என நம் உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் பிரதமர் 2009-இல் டூரிங்கிற்கு இழைத்த கொடுமைக்கு மன்னிப்புக் கோரினார். 2013-இல் அரசியார் பொதுமன்னிப்பு வழங்கினார். 2021 முதல் அந்நாட்டு 50 பவுன் நோட்டில் அவர் உருவம் விளங்குகின்றது. கணிப்பொறித் துறையின் தலையாய பரிசு 1966 முதல் அவர் பெயரால் வழங்கப்படுகின்றது. 1994-இல் அதனைப் பெற்ற இருவருள் ஒருவர் ராஜ் ரெட்டி. கிண்டிப் பொறியியற் கல்லூரியின் பழைய மாணவர்.

அன்னையார் எதேல் சாரா அம்மையார் தம் முதுமையில் மகனுடைய சரிதத்தைத் தாமே எழுதி 1959-இல் வெளியிட்டார். மகன் பள்ளிக்கு எழுதிய கடிதங்கள், ஆசிரியர் குறிப்புகள், ஓட்டப்பந்தயங்கள் யாவும் அதில் உண்டு. போர் ஆண்டுகளைப் பற்றி மட்டும் விரிவாய் எழுத அவரால் இயலவில்லை. பிளெட்ச்லி பார்க் இரகசியம் பொதுமக்களுக்கு வெளியாகத் தொடங்கியது 1974-இல். அம்மையார் 1976-இல் காலமானார்.